ஆங்கில வருணனையில் ஒலிச்சொற்களையும் மோதற் சொற்களையும் எப்படிக் கையாள்வது?

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் வருணனை எழுதப் பழக்கி வருகிறேன். கார்த்திகை அடைமழையைப் பற்றிப் பேசச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. கூரைத் தகரம் தடதடக்கிறது, யன்னல் படாரென்று அடிக்கிறது, வாய்க்கால் சளசளக்கிறது, கடல் குமுறுகிறது. அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இரண்டு விதமான கட்டுரைகள் என் மேசைக்கு வருகின்றன. முதல் விதத்தில் யன்னல் மூடினாலும், மரம் முறிந்தாலும், இடி இடித்தாலும் 'வித் எ லௌட் நொய்ஸ்' என்ற ஒரே தொடர் வாக்கியத்துக்கு வாக்கியம் வந்து நிற்கிறது. இரண்டாவது விதத்தில் 'பாங்', 'பூம்', 'கிராஷ்' ஆகிய சொற்கள் பெரிய எழுத்துகளில், மூன்று வியப்புக்குறிகளோடு, எந்த வாக்கியத்திலும் சேராமல் தனியே கிடக்கின்றன. முதலாவதில் ஒலி கேட்கவில்லை. இரண்டாவதில் ஒலி மட்டுமே கேட்கிறது, என்ன நடந்தது என்று தெரியவில்லை.

ஒலிச்சொல்லை எப்போது வினையாக எழுத வேண்டும், எப்போது பெயராக எழுத வேண்டும், தனியே நிறுத்துவதற்கு இடம் உண்டா என்பவற்றைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லிக் கொடுக்க விரும்புகிறேன். சொற்பட்டியல் எனக்கு வேண்டாம், அது எந்த அகராதியிலும் இருக்கிறது. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மனம் எந்த வழியில் போக வேண்டும் என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.


பாலையூற்று ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இந்தச் சிக்கலின் வேர் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் இல்லை, அவர்களுடைய தமிழின் வளத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழில் ஒலியை வாக்கியத்தோடு சேர்ப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. 'என' என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு பொருள்களில் வரும் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். இசை என்றால் ஒலி. 'ஒல்லென ஒலித்தது' என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இந்தக் கருவி கையில் இருப்பதால், நாம் கேட்ட ஒலியை அப்படியே வாயால் செய்துகாட்டி, 'என்று' சேர்த்து, அதன்பின் வழக்கமான வினையைப் போட்டுவிடலாம். கதவு படாரென்று சாத்தியது, கல் பொத்தென்று விழுந்தது, பொங்கல் தளதளவென்று கொதித்தது. ஒலி ஓரிடத்திலும் செயல் வேறோரிடத்திலும் இருக்க, 'என்று' இரண்டையும் இணைத்து வைக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த இணைப்புச் சொல் இல்லை. அதனாற்றான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'என்று' என்பதற்கு ஈடாக ஒன்றைத் தேடி 'வித் எ சவுண்ட் ஒஃப்' என்று எழுதிவிடுகிறார்கள், அல்லது ஒலியை மட்டும் தனியே பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே ஒலியே வினையாகிக் காலம் காட்டும். கதவு 'ஸ்லாம்' செய்தது என்றால் அதற்குள் சாத்தியதும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. 'ஸ்லாம்ட் ஷட்' என்று முடிவையும் கூடவே வைக்கலாம். கதவு 'கிரீக்ட் ஓப்பன்' என்றால் அது முனகிக்கொண்டே திறந்தது. பூட்டு 'கிளிக்' என்ற வினையோடு தன் இடத்தில் போய் அமர்கிறது. ஒலியைச் சொன்ன மூச்சிலேயே நிகழ்ச்சியின் முடிவையும் சொல்லிவிடும் இந்தச் சுருக்கந்தான் ஆங்கில வருணனையின் பலம்.

ஆகவே மாணவரிடம் 'என்ன சத்தம் கேட்டது?' என்று முதலில் கேட்க வேண்டாம். எது எதன்மேல் மோதியது, மோதியபின் என்ன ஆனது என்று கேளுங்கள். ஒரு தேங்காயை எடுத்துக்கொள்வோம். அது மணலில் விழுந்தால் 'தட்'. கனமான பொருள் மென்மையான தரையில் விழுந்து, ஒலி அந்த இடத்திலேயே அமுங்கிவிடுகிறது. அதே தேங்காய் தகரக் கூரையில் விழுந்தால் 'தட்' என்று எழுதுவது பிழை. தகரம் அதிரும், ஆகவே 'பாங்' அல்லது 'கிளாங்' வர வேண்டும். சீமெந்துத் தரையில் விழுந்து ஓடு வெடித்தால் 'கிராக்'. கிணற்றுக்குள் விழுந்தால் 'ஸ்பிளாஷ்'. தேங்காய் ஒன்றுதான், விழுந்த இடந்தான் வினையைத் தீர்மானிக்கிறது. நம் பிள்ளைகள் விழுந்த பொருளை மட்டும் பார்த்துவிட்டுத் தாங்கிய பொருளை மறந்துவிடுவதால்தான் சொல் பொருந்தாமல் போகிறது.

பெயராக எழுதும் முறை, அதாவது 'வித் எ தட்' என்று எழுதுவது, வினைக்கு வேறு வேலை இருக்கும்போது பயன்படும். பெட்டி படியில் உருண்டு வந்து கடைசிப் படியில் 'வித் எ தட்' நின்றது என்றால், உருளுதலும் நிற்றலும் வினைகளாக இருக்க, ஒலி அவற்றின் பின்னே வருகிறது. ஒலியைக் கேட்டோம், ஆனால் எதனால் வந்தது என்று இன்னும் தெரியவில்லை என்ற நிலையிலும் பெயரே சரி. பக்கத்து அறையில் ஒரு 'தட்' கேட்டது என்பதில் ஒலியைச் செய்தவன் இன்னும் வாக்கியத்துக்குள் வரவில்லை.


வளாக மொழியியல் மாணவி எழுதியது:

ஐயா சொன்ன 'தாங்கிய பொருள்' என்னும் கருத்தைச் சொற்களின் ஒலியமைப்பிலேயே காணலாம் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆங்கில மோதற் சொற்கள் எழுந்தமானமாக உருவானவை போலத் தோன்றினாலும், அவற்றில் சில கூட்டங்கள் இருக்கின்றன. கிராஷ், ஸ்மாஷ், பாஷ், ஸ்லாஷ், ஸ்பிளாஷ் ஆகியவை எல்லாம் 'ஆஷ்' என்று முடிகின்றன, எல்லாவற்றிலும் வேகமான மோதலோ சிதறலோ இருக்கிறது. தம்ப், பம்ப் ஆகியவை 'அம்ப்' என்று முடிந்து, கனமும் மழுங்கலும் சேர்ந்த மோதலைக் காட்டுகின்றன. இத்தகைய ஒலிக்கூட்டங்களுக்கு 1930 இல் ஜே. ஆர். ஃபெர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டார். இது ஒரு போக்குத்தான், விதி அன்று. 'காஷ்' என்றால் பணம், அதில் எந்த மோதலும் இல்லை. இருந்தாலும் எழுதுபவருக்கு இந்தப் போக்கு மிகவும் உதவும்.

முடிவு மெய்யைக் கவனியுங்கள். 'கிளாங்' என்ற சொல் மூக்கொலியில் முடிகிறது, வாய்விட்டுச் சொல்லும்போது அதை நீட்டிக்கொண்டே போகலாம். அடித்தபின் அதிர்ந்துகொண்டிருக்கும் மணிக்கும் இரும்புக் கம்பிக்கும் அது பொருந்துகிறது. அதன் முடிவில் ஒரு ககர ஒலி சேர்ந்து 'கிளாங்க்' ஆனால், அதிர்வு சட்டென்று வெட்டப்படுகிறது. வாளி கிணற்றுக்கட்டில் மோதும் ஒலி அது. 'டாப்', 'பாட்', 'ராப்' ஆகியவை வல்லின ஒலியில் முடிந்து, தட்டியதும் ஒலி நின்றுவிட்டதைக் காட்டுகின்றன. நடுவிலுள்ள உயிரும் பேசும். 'கிளிங்க்' சிறிய கண்ணாடிக் குவளை, 'கிளாங்க்' அதைவிடப் பெரிய உலோகம், 'கிளங்க்' உள்ளே ஏதோ தளர்ந்துபோன கனமான இயந்திரம். நம் மொழியிலும் கொலுசு கிணுகிணுக்கிறது, கோயில் மணி கணகணக்கிறது, ஆகவே இது நமக்குப் புதிய உணர்வே இல்லை.

இந்த உணர்வு மொழிகளைத் தாண்டியது என்பதற்குச் சான்றுகள் உண்டு. நரம்பியல் ஆய்வாளர்களான ராமச்சந்திரனும் ஹபார்டும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், கூர்முனைகள் கொண்ட உருவத்தையும் வளைந்த உருவத்தையும் காட்டி, எது 'கிக்கி', எது 'பூபா' என்று கேட்டபோது, பெரும்பாலானோர் கூர்முனை உருவத்தைக் 'கிக்கி' என்றார்கள். அமெரிக்க மாணவர்களோடு இந்தியாவில் தமிழ் பேசுவோரும் அந்தச் சோதனையில் இடம்பெற்றார்கள் என்பது நமக்குக் கூடுதல் ஆர்வம் தரக்கூடியது. ஆகவே மாணவர் அகராதியைப் புரட்டுவதற்கு முன் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். பாதி விடை காதிலேயே கிடைத்துவிடும்.


மூதூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நான் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்பவன். விபத்துகள் தொடர்பான தமிழ் வாக்குமூலங்களைக் காப்புறுதி வேலைகளுக்காக ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் வழக்கமான பணி. வருணனையில் அழகாக இருக்கும் ஒன்று என் பணியில் ஆபத்தாகிவிடக் கூடும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சாட்சி 'டமார் என்று சத்தம் கேட்டு ஓடிப் போனேன்' என்கிறார். 'டமார்' என்பது பட்டாசாகவும் இருக்கலாம், டயர் வெடித்ததாகவும் இருக்கலாம், இரண்டு வாகனங்கள் மோதியதாகவும் இருக்கலாம். நான் அதைக் 'கிராஷ்' என்று எழுதினால், வாகனங்கள் மோதி ஏதோ நொறுங்கியது என்பதை அவர் கேட்டதாக ஆகிவிடுகிறது. மோதல் நடந்ததா, டயர் முதலில் வெடித்ததா என்பதே வழக்கின் மையமாக இருந்தால், ஒரு சொல்லின் வழியாக நான் சாட்சியம் சொன்னவனாகிவிடுவேன். 'பாங்' என்று எழுதினால் ஒற்றை வெடிப்பொலி என்ற பொருள் வருகிறது, அதற்கும் ஒரு சாய்வு உண்டு. ஆகவே 'எ லௌட் நொய்ஸ்' என்று எழுதி, சாட்சி சொன்ன 'டமார்' என்ற சொல்லையும் ஒலிபெயர்ப்பாக அருகில் வைத்துவிடுவேன். ஆசிரியை அவர்கள் அலுத்துப்போன அந்தத் தொடருக்கு உரிய இடம் இதுதான்.

இது என் தனிப்பட்ட அச்சம் மட்டும் அன்று. எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 1974 இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படங்களைப் பார்த்தவர்களிடம் கார்கள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். கேள்வியில் இருந்த வினையை மட்டும் மாற்றினார்கள். 'ஸ்மாஷ்ட்' என்ற வினையோடு கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள், 'ஹிட்' என்று கேட்கப்பட்டவர்கள் 34 மைல் என்றார்கள், 'கொன்டாக்டட்' என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். பார்த்த படங்களோ ஒன்றுதான். அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, 'ஸ்மாஷ்ட்' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், 'ஹிட்' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

மோதற் சொல் படிப்பவரின் மனத்தில் வேகத்தையும் சேதத்தையும் வரைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கதை எழுதுபவருக்கு அது கருவி. அறிக்கை எழுதுபவர் அதைத் தொடுவதற்கு முன் தனக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு இந்த இரண்டு வகை எழுத்தையும் பிரித்துக் காட்டுங்கள். கட்டுரையில் எழுதிப் பழகிய 'ஸ்லாம்ட் இன்டு' என்ற தொடரை நாளை அவர்கள் ஒரு முறைப்பாட்டில் எழுதினால், எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்கும்.


கிண்ணியாச் சிறுகதையாளர் எழுதியது:

எல்லாம் பயனுள்ள கருத்துகள். ஆனால் ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறோம் என்பதற்காக நம் காதில் விழுந்த ஒலியை ஏன் கைவிட வேண்டும்? சோவென்று பெய்யும் மழையை ஆங்கிலேயர் கேட்டதில்லையா என்ன, கேட்டிருக்கிறார்கள், ஆனால் அதற்கு அவர்கள் வைத்த சொற்கள் அவர்களுடைய கூரைக்கும் அவர்களுடைய தூறலுக்கும் உரியவை. 'பிட்டர் பாட்டர்' என்று எழுதினால் எங்கள் ஊர் வாடைக்கால மழை எனக்குக் கேட்கவில்லை. ஒலிச்சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அது கேட்கும். ஆகவே 'சோ', 'சடசட', 'தொபுக்கடீர்' ஆகியவற்றை ஆங்கில வாக்கியத்துக்குள் அப்படியே வைப்பதில் தவறில்லை, அது இந்த மண்ணின் ஆங்கிலத்தை வளர்க்கும் என்பதே என் நிலைப்பாடு.


வளாக மொழியியல் மாணவி எழுதியது:

ஐயா, உங்கள் விருப்பத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. 'சடசட' போன்ற உண்மையான ஒலிச்சொல்லை, கூரையும் மழையும் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தில் வைத்தால், தமிழ் தெரியாதவரும் அதை ஒலியாகவே கேட்பார். இரட்டித்து வருவதே அது ஒலி என்பதற்கு அடையாளமாகிவிடும். 'பிட்டர் பாட்டர்' பற்றி நீங்கள் சொன்னதும் முற்றிலும் சரி. அது மெல்லிய துளிகளுக்கும் சிறு காலடிகளுக்கும் உரிய சொல். வாடைக்கால மழைக்கு 'ட்ரம்', 'ஹாமர்', 'ரோர்' ஆகியவையே நெருங்கி வரும். 'ட்ரம்' வினையானால் கூரை பறையாகிறது. 'ரோர்' என்றால் தனித்தனித் துளிகள் மறைந்து ஒரே இரைச்சல் மிஞ்சுகிறது. 'சோ' என்பது அந்த நிலைதான்.

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. தமிழில் இரட்டித்து வரும் சொற்கள் எல்லாம் ஒலியைக் குறிப்பவை அல்ல. பளபள, மினுமினு ஆகியவை கண்ணுக்குரியவை. வழவழ, சொரசொர ஆகியவை தொட்டறிபவை. மொறுமொறு நாவுக்கும் காதுக்கும் பொதுவானது. குறிப்பு, பண்பு என்று தொல்காப்பியர் தனியே பிரித்ததற்கு இதுவே காரணம். 'துண்ணென' என்ற சொல்லில் ஒலியே இல்லை, உள்ளத்தின் அதிர்ச்சிதான் இருக்கிறது. இவற்றை ஆங்கிலத்தில் அப்படியே இட்டால், வாசகர் ஒலி என்று நினைத்துக்கொண்டு, பாத்திரம் ஏன் சத்தம் போடுகிறது என்று குழம்புவார். இந்த இடத்தில் ஆங்கிலத்தின் 'கிளிட்டர்', 'கிளிஸன்', 'கிளீம்' ஆகிய வினைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.


உப்புவெளி ஆசிரியை எழுதியது:

உங்கள் பதில்களை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒரு பயிற்சி செய்தோம். கோணேசர் கோயில் மலையடியில் கடல் மோதுவதை எழுதச் சொன்னேன். முதலில் எல்லோரும் எழுதியது 'அலைகள் பாறையில் பெரிய சத்தத்துடன் மோதின' என்ற ஒரே வாக்கியம். அதன்பின் பாலையூற்று ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். எது எதன்மேல் மோதுகிறது, மோதியபின் என்ன ஆகிறது?

ஒரு மாணவி யோசித்துச் சொன்னது என்னை மிகவும் மகிழ்வித்தது. அலை ஒரே ஒரு தடவை சத்தம் போடுவதில்லை என்றாள். தட்டையான பாறை முகத்தில் நீர் அறைகிறது, அங்கே 'ஸ்லாப்' பொருந்தும். பாறை இடுக்குக்குள் நீர் புகுந்து உள்ளே இருந்த காற்றை அமுக்கும்போது ஆழத்திலிருந்து ஓர் ஒலி எழுகிறது, அது 'பூம்'. நீர் பின்வாங்கும்போது இடுக்கிலிருந்து உறிஞ்சப்படுகிறது, அது 'கேர்கிள்'. கடைசியில் நுரை பாறைமேல் வடிந்து அடங்குவது 'ஹிஸ்'. நான்கு வினைகளும் வரிசையாக வந்தபோது, 'அலை', 'மோதல்', 'சத்தம்' என்ற சொற்களில் எதுவும் தேவைப்படாமலே ஓர் அலை வந்து போய்விட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒரு மாணவன், லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்தது என்பதை 'ஹோன்க்ட் அக்ரொஸ் த பிரிட்ஜ்' என்று எழுதினான். இலக்கணப் பிழை என்று என்னால் சுட்ட முடியவில்லை, ஆனால் காதுக்கு ஒவ்வவில்லை. ஏன்?


வளாக மொழியியல் மாணவி எழுதியது:

ரீச்சர், உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் லொறி 'ரம்பிள்ட் அக்ரொஸ் த பிரிட்ஜ்' என்று எழுதலாம். ஒலி வினையும் 'அக்ரொஸ்' என்ற திசைச் சொல்லும் சேர்ந்து, உறுமிக்கொண்டே கடந்தது என்ற பொருள் முழுவதையும் தந்துவிடுகின்றன. 'சென்றது', 'கடந்தது' என்ற வினையே வேண்டாம். புகையிரதம் 'கிளாட்டர்ட் இன்டு த ஸ்டேஷன்' என்பதும் அப்படியே. ஆனால் 'ஹோன்க்' அந்த வாக்கியத்தில் நிற்காது. பெத் லெவின், மல்கா ராப்பபோர்ட் ஹோவாவ் ஆகிய மொழியியலாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் எளிமையானது. அந்த ஒலி அசைவினாலேயே பிறந்திருக்க வேண்டும். லொறி உருள்வதால் உறுமல் பிறக்கிறது, சக்கரம் தண்டவாளத்தில் ஓடுவதால் தடதடப்புப் பிறக்கிறது. ஹோன் சத்தமோ சாரதியின் கை அமுக்குவதால் பிறக்கிறது, லொறி நின்றுகொண்டிருந்தாலும் அது எழும். ஆகவே அந்த மாணவர் 'ட்ரோவ் அக்ரொஸ் த பிரிட்ஜ், ஹோன்கிங்' என்று அசைவையும் ஒலியையும் பிரித்து எழுத வேண்டும்.

தமிழில் நாம் இந்தச் சோதனையைச் செய்யத் தேவையில்லை. 'தடதடவென வந்தது', 'ஹோன் அடித்துக்கொண்டு வந்தது' இரண்டும் ஒரே அமைப்பில் நிற்கின்றன, ஏனென்றால் 'வந்தது' எப்போதும் தனி வினையாகவே இருக்கிறது. லெனார்ட் டால்மி என்ற அறிஞர் மொழிகளை இந்த வேறுபாட்டை வைத்தே இரண்டாகப் பிரித்தார். ஆங்கிலம் அசையும் விதத்தை வினைக்குள் வைத்துத் திசையை வெளியே சிறு சொல்லில் வைக்கும். வேறு பல மொழிகள் திசையை வினைக்குள் வைத்து விதத்தை வெளியே வைக்கும். நம் மாணவர்கள் 'கேம் வித் சவுண்ட்' என்று எழுதுவது இந்தப் பழக்கத்தினால்தான்.


பாலையூற்று ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

அந்த மாணவியின் நான்கு வினைகள் மிக நன்று. அதனாலேயே அளவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடல் ஒன்றையே கூர்ந்து பார்க்கும் பந்தியில் நான்கு ஒலிவினைகள் தகும், அங்கே பொருளே ஒலிதான். ஆனால் மழைக்குள் ஓடும் ஒரு சிறுவனைப் பற்றிய பந்தியில் கதவு ஸ்லாம், தகரம் பாங், இடி பூம், வாளி கிளாங்க் என்று வரிசையாக வந்தால், சிறுவன் காணாமற் போய்விடுகிறான். அங்கே கதையைத் திருப்பும் ஒரு ஒலியைத் தேர்ந்து அதற்கு மட்டும் வலிய வினையைக் கொடுங்கள், மற்றவை சாதாரண வினைகளாகவே இருக்கட்டும்.

வரிசையும் முக்கியம். இருட்டில் படுத்திருப்பவனுக்கு முதலில் ஒலிதான் தெரியும், காரணம் பிறகுதான் தெரியும். ஆகவே 'சம்திங் தட்டட்' என்று தொடங்கி, முருங்கைக் கொப்பு முறிந்து விழுந்தது என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும். முற்றத்தில் நின்று கொப்பு முறிவதைப் பார்ப்பவனுக்கு வரிசை தலைகீழ். எழுதுபவர் தன் பாத்திரம் எங்கே நிற்கிறது என்று தீர்மானிக்காமல் ஒலியை வைத்தால் வாசகருக்கும் நிற்க இடம் கிடைக்காது.

தனியே நிற்கும் 'பாங்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிறுவர் கதையிலும் சித்திரக்கதையிலும் அதற்கு முழு உரிமை உண்டு, ஏனென்றால் அங்கே படம் நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறது, ஒலி மட்டுமே எழுத்துக்கு எஞ்சுகிறது. படம் இல்லாத வருணனையில் நான் அதை அனுமதிப்பதில்லை. பெரிய எழுத்தையும் வியப்புக்குறியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அதன்பிறகும் அந்த இடத்தில் ஒலி கேட்டால் வாக்கியம் நன்றாக இருக்கிறது.

செய்தித்தாள் வழக்கையும் எச்சரிக்க வேண்டும். அமைச்சர் ஒருவர் மற்றவரை 'ஸ்லாம்ஸ்' என்றும், சந்தை 'கிராஷஸ்' என்றும் தலைப்புகள் வருகின்றன. தலைப்பில் இடம் குறைவு என்பதால் அங்கே குறுஞ்சொற்களைத் தேடுகிறார்கள், அவற்றுக்குள் இருந்த ஒலி நெடுங்காலத்துக்கு முன்பே தேய்ந்துவிட்டது. மாணவர் அதைப் பார்த்து 'அதிபர் மாணவனை ஸ்லாம் செய்தார்' என்று கட்டுரையில் எழுதினால், அதிபர் கண்டித்தாரா, பிடித்துச் சுவரில் அடித்தாரா என்ற ஐயம் எழும். கண்டித்தார் என்றால் கண்டித்தார் என்றே எழுதட்டும்.


நிலாவெளி மாணவன் எழுதியது:

ஐயா, ரீச்சர், அனைவருக்கும் வணக்கம். நான் இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறேன். மோதல் என்றால் ஒரு கணத்தில் முடிந்துவிடும். முடியாமல் தொடரும் ஒலியை எப்படி எழுதுவது? விடியற்காலையில் வள்ளங்கள் கடலுக்குப் போகும்போது இயந்திர ஒலி நெடுநேரம் கேட்கும். அகராதியில் ஹம், த்ரொப், ட்ரோன், புட்டர் என்று பல சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இயந்திர ஒலி என்றே பொருள் போட்டிருக்கிறது. எதை எடுப்பது?


பாலையூற்று ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. வள்ளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர் என்பதை முதலில் சொல்லும்.

வள்ளத்திற்குள்ளேயே இருந்தால் ஒலி காதுக்கு மட்டும் வருவதில்லை, பலகை வழியாகக் காலிலும் ஏறும். அங்கே 'த்ரொப்' பொருந்தும், அது நாடித்துடிப்புக்கும் உரிய சொல், அதில் அழுத்தமும் இடைவெளியும் மாறிமாறி இருக்கின்றன. கரையில் நின்று, சிறிய இயந்திரம் விட்டுவிட்டு வெடிப்பது தனித்தனியாகக் கேட்டால் 'புட்டர்'. அதையே அசைவு வினையாகவும் வைக்கலாம், வள்ளம் 'புட்டர்ட் அவுட் டு சீ' என்று எழுதினால் வளாக மாணவி சொன்ன சோதனையில் தேறும், ஏனென்றால் வள்ளத்தை ஓட்டும் இயந்திரமே அந்த ஒலியை எழுப்புகிறது. வள்ளம் தொலைவுக்குப் போனபின் வெடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சுருதியாகின்றன, அப்போது 'ட்ரோன்'. அதில் சற்று அலுப்பும் இருக்கிறது, நெடுநேரம் கேட்கும் ஒலி என்பதால் அது உமக்கு உதவும். 'ஹம்' கடலுக்கு வேண்டாம். அது மூடிய அறையில் குளிர்சாதனப் பெட்டி எழுப்பும் அமைதியான ஒலிக்கு உரியது.

ஆகவே நீர் ஒரே பந்தியில் வள்ளம் புறப்படுவதையும் மறைவதையும் எழுதுவதானால், புட்டரில் தொடங்கி ட்ரோனில் முடியும். வள்ளம் தூரமாகப் போய்விட்டது என்று தனியே ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை. எழுதியதும் இங்கே பதிவிடும், பார்த்துச் சொல்கிறேன்.